ஒரே ஈத்து, ஒரே இனம்... ஆனால் அண்ணன் வேறு, தங்கை வேறு! தெரியுமா?

விராலிமலைக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் முருகனுக்கும் மயிலுக்கும் பேர்போன ஊர்! அங்கே எது ஆண் மயில், எது பெண் மயில் என்று மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். தோகையை விரித்து ஆடினால் ஆண். அவ்வளவுதான்! அதே விராலிமலையில் 2019 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,353 காளைகள் வாடிவாசலைத் தாண்டி உலக சாதனை படைத்தன. அத்தனையும் காளை! ஒரு பசுகூடக் கிடையாது!

சரி, அதே மலையடிவாரத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறதே, அது ஆணா, பெண்ணா? சொல்லுங்கள் பார்ப்போம்! முகத்தைப் பார்த்தால் தெரியாது. வாலைப் பார்த்தாலும் தெரியாது. தோகை இல்லை, கொண்டை இல்லை, பிடரி மயிர் இல்லை. எழுந்து போய் பக்கத்தில் நிற்கும் புல்லட் சக்கரத்தில் காலைத் தூக்கினால்தான் "ஓ, கடுவனா!" என்போம்.

வெளியே இவ்வளவு ஒற்றுமை. உள்ளே? ஒரே தாய் வயிற்றில், ஒரே ஈத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் எத்தனை விதத்தில் வேறுபடுகின்றன என்று கேட்டால் வாயைப் பிளப்பீர்கள்!

அதற்கு முன் ஒரு காட்சி. ஆலங்குடிப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டால் என்ன நடக்கும்? கண் திறப்பதற்குள் ஆள் வந்துவிடும். "அக்கா, கடுவன் குட்டி இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கக்கா!" ஆண் குட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். "பொட்டைக் குட்டியா? வேணாம்க்கா!" அவ்வளவுதான். மிஞ்சிய பெண் குட்டிகள் ஒருநாள் சாக்கில் போட்டுக் கண்மாய்க்கரையில் விடப்படும். அந்தச் சாக்குக்குள் எப்பேர்ப்பட்ட பிறவி இருக்கிறது என்று யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

எலும்பிலேயே வித்தியாசம்!

நாயின் உடம்பில் எத்தனை எலும்புகள்? ஏறக்குறைய 320! ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! ஆண் நாய்க்கு ஒன்று கூடுதல்! அதன் ஆண்குறிக்குள்ளேயே ஒரு தனி எலும்பு இருக்கிறது. மனிதனுக்கு அப்படி ஒன்று கிடையாது!

பல்? இரண்டுக்கும் 42. முலைக்காம்பு? ஆண் நாய்க்கும் உண்டு, தெரியுமா? நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கடுவனை மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவிப் பாருங்கள். இரண்டு வரிசையாகக் கைக்குத் தட்டுப்படும்!

உயரத்துக்கு வருவோமா? ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் ஆண் 60 முதல் 65 சென்டிமீட்டர். பெண் 55 முதல் 60. அதாவது, ஆணின் உயரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே பெண்ணின் உயரம் முடிந்துவிடுகிறது! ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் என்ற ராட்சத இனத்தில் ஆண் குறைந்தது 54.5 கிலோ இருக்க வேண்டும். பெண்ணுக்கு 40.5 கிலோ போதும். 14 கிலோ வித்தியாசம்! ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கி வைத்த மாதிரி!

உலகத்திலேயே உயரமான நாய் எது தெரியுமா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஜீயஸ். கிரேட் டேன் இனம், ஆண். தோள் உயரம் மட்டும் 111.8 சென்டிமீட்டர்! பெண்களில் சாதனை படைத்ததும் அதே கிரேட் டேன் இனம்தான். லிஸ்ஸி என்று பெயர், 96.41 சென்டிமீட்டர். ஒரே இனத்தின் இரண்டு சிகரங்களுக்கு நடுவே அரை அடி!

ஆனால் சிவாவா என்ற குட்டி இனத்துக்கு வாருங்கள். ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை இருந்தால் சரி. ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று எதுவும் இல்லை! இனம் பெரிதாகப் பெரிதாக அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது!

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்ற நாய் இனத்தை 2005-இல் ஆராய்ந்தவர்கள் அசந்து போனார்கள். உடம்பின் அளவைத் தீர்மானிக்கும் ஒரே மரபணுப் பகுதி, ஆணுக்குள் இருந்தால் 'பெரிய உடம்பு' பக்கம் சாய்கிறது. பெண்ணுக்குள் இருந்தால் 'சிறிய உடம்பு' பக்கம் சாய்கிறது! ஒரே விதை, இரண்டு வயலில் இரண்டு விளைச்சல்!

ஆணாக இருந்தாலும் 'கன்னி'தான்!

நம் ஊர் நாய்களை விட்டுவிட முடியுமா? 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் ராஜபாளையமும் ஒன்று! பிரதமர் மோடி 2020 ஆகஸ்டில் வானொலியில் பேசியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நான்கு தமிழ்நாட்டு இனங்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார்!

இதில் கன்னி என்ற பெயரைக் கவனித்தீர்களா? கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று தென் மாவட்டங்களில் சொல்கிறார்கள். கறுப்பாக இருந்தால் கருங்கன்னி, வெளுப்பாக இருந்தால் பால்கன்னி! மீசை முறுக்காத குறையாகத் திரியும் ஆண் நாயாக இருந்தாலும் அதுவும் கன்னிதான்! ஓர் இனம் முழுவதும், கடுவன்கள் உட்பட, பெண் பெயரைச் சுமந்துகொண்டு முயலை விடவும் வேகமாகப் பாய்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

பெயர் என்றதும் இன்னொன்று. பெண் நாய்க்குத் தமிழில் தனிப் பெயர் உண்டு, தெரியுமா? 'பிணவு'! தொல்காப்பியத்தின் மரபியலில் பன்றி, புல்வாய் என்னும் மான், நாய் ஆகிய மூன்றின் பெண்ணுக்கும் இந்தப் பெயரை வகுத்து வைத்திருக்கிறார்கள். நாய்க்குட்டிக்குப் பெயர் 'குருளை'! வலிமையுள்ள எந்த ஆண் விலங்குக்கும் 'ஏற்றை'! இலக்கண நூலிலேயே இடம் பிடித்த பிணவைத்தான் நாம் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறோம்!

புதுக்கோட்டையை 1886 முதல் 1928 வரை ஆண்ட மன்னரின் பெயர் என்ன? மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்! பைரவரின் வாகனம் எது? நாய்! திருமயத்துக்குப் பக்கத்தில் துர்வாசபுரம் பைரவர் சன்னதிக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, பைரவருக்குப் பின்னால் நிற்கும் நாய் ஆணா பெண்ணா என்று பார்த்ததுண்டா? அடுத்த முறை எந்தப் பைரவர் சன்னதிக்குப் போனாலும் உற்றுப் பாருங்கள்!

ஐந்து குட்டி, ஐந்து அப்பா!

குட்டி ஆணா, பெண்ணா என்று முடிவு செய்வது யார்? தாயா? இல்லவே இல்லை! தகப்பன்! நாய்க்கு 78 குரோமோசோம்கள், அதாவது 39 ஜோடி. நமக்கு 46-தான்! அந்த 39-ஆவது ஜோடியில் தகப்பன் எக்ஸ் கொடுத்தால் பெண், ஒய் கொடுத்தால் ஆண். "எப்பப் பாத்தாலும் பொட்டையாவே போடுது" என்று தாய் நாயைத் திட்டுகிறீர்களே, அது என்ன பாவம் செய்தது?

இன்னொரு விந்தை கேளுங்கள். காக்கர் ஸ்பானியல் போன்ற சில இனங்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம் வைத்துக்கொண்டு, மரபணுப்படி முழுப் பெண்ணாக இருக்கும் நாய்க்கு உள்ளே விரை வளர்ந்துவிடுவதுண்டு! ஒய் குரோமோசோமே இல்லை, ஆனாலும் விரை! விஞ்ஞானிகளையே மண்டையைச் சொறிய வைத்த விஷயம் இது!

நாய் இனத்தின் மரபணு வரிசையை முதன்முதலில் முழுமையாகப் படித்து 2005-இல் வெளியிட்டார்களே, அந்த நாய் யார் தெரியுமா? டாஷா! பாக்ஸர் இனத்துப் பெண்! பெண் என்பதால் அந்த வரிசையில் ஒய் குரோமோசோமே இல்லை! உலகத்து நாய்களுக்கெல்லாம் பொதுவான மரபணுப் புத்தகம், ஆண் அத்தியாயம் இல்லாமலே வெளியாயிற்று!

பெண் நாயின் உடம்பில் நடப்பதைக் கேட்டால் இன்னும் மலைப்பு! பெரும்பாலான விலங்குகளில் முட்டை முதிர்ந்துதான் வெளியே வரும். நாய்க்கு? முதிராமலே வந்துவிடும்! வெளியே வந்து இரண்டு மூன்று நாள் காத்திருந்துதான் பக்குவப்படும். ஆணின் விந்தணுவோ ஐந்தாறு நாள் உயிரோடு காத்திருக்கும்! இப்படி இரண்டு பக்கமும் காத்திருப்பதால் என்ன ஆகிறது? பருவத்துக்கு வந்த பெண் நாய் பல ஆண்களோடு சேர்ந்தால், ஒரே ஈத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு அப்பா இருக்கலாம்! ஐந்து குட்டி, ஐந்து அப்பா! ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி என்று உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்!

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல். யானைக்கு 22 மாதம். நாய்க்கு? வெறும் 63 நாள்! இரண்டே மாதத்தில் ஒரு குடும்பம்! ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஆனால் ஆப்பிரிக்காவின் பாசென்ஜி இனத்துப் பெண்ணோ ஆண்டுக்கு ஒரே முறைதான், ஓநாயைப் போல! ஆணுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 365 நாளும் தயார்!

ஒரே ஈத்தில் அதிகபட்சம் எத்தனை குட்டி? ஏழு? எட்டு? இங்கிலாந்தில் டியா என்ற நியாபொலிடன் மாஸ்டிஃப் நாய் 2004 நவம்பர் 29 அன்று போட்டது 24! ஆமாம், இருபத்து நான்கு! கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது!

பொய்ச்சினை என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெண் நாய் பருவத்துக்கு வந்துவிட்டால், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதன் உடம்பில் சினைக்கால ஹார்மோன் இரண்டு மாதம் சுரக்கும்! அதனால் சில நாய்களுக்குக் குட்டியே இல்லாமல் மடி பெருத்துப் பாலும் வந்துவிடும்! மூலையில் துணியைக் குவித்துப் படுக்கை போடும். வீட்டுச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து, குட்டியைக் காப்பது போல உறுமிக் காக்கும்! "பேய் பிடிச்சிருச்சு" என்று விரட்டாதீர்கள். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

பந்து எப்படிப் பெரிதாயிற்று?

யாருக்கு மூளை அதிகம்? இது பட்டிமன்றத் தலைப்பல்ல, நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்! ஆஸ்திரியாவில் வியன்னா பல்கலைக்கழகத்தில் 50 நாய்கள், 2011-ஆம் ஆண்டு. ஒரு பந்து உருண்டு போய்ப் பலகைக்குப் பின்னால் மறையும். மறுபக்கம் வெளியே வரும்போது சில சமயம் அதே பந்து. சில சமயம் வேறு அளவுப் பந்து! சின்னதாகப் போனது பெரிதாக வந்தால் யாரும் திகைக்க வேண்டும் அல்லவா? பெண் நாய்கள் திகைத்தன! "இது எப்படி?" என்பதுபோல அந்தப் பந்தையே நெடுநேரம் உற்றுப் பார்த்தன. ஆண் நாய்கள்? பந்து வந்ததா, சரி! அளவு மாறியதை அவை கண்டுகொள்ளவே இல்லை! இனம் எதுவாக இருந்தாலும் இதே கதை!

நாய்க்கும் வலக்கை, இடக்கைப் பழக்கம் உண்டு, தெரியுமா? பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2003-இல் 53 நாய்களைச் சோதித்தபோது பெண் நாய்கள் வலது முன்னங்காலையும் ஆண் நாய்கள் இடது முன்னங்காலையும் அதிகம் நீட்டின! பிறகு 2021-இல் பிரிட்டனில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் கணக்கு வந்தது. அதில் இரு பாலிலும் வலதுதான் அதிகம். ஆனாலும் பெண் நாய்களே ஒரு படி முன்னால்! உங்கள் நாயிடம் இப்போதே "கை குடு" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கை?

குட்டிகள் கட்டிப் புரண்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? 2008-இல் வெளிவந்த ஆய்வு சொல்வதைக் கேட்டால் சிரிப்பும் வரும், நெகிழ்ச்சியும் வரும். ஆண் குட்டி, பெண் குட்டியோடு விளையாடும்போது வேண்டுமென்றே தன்னைப் பலவீனமாக்கிக்கொள்கிறதாம்! குனிந்து கொடுக்கும், முகத்தை நக்கும், கடி வாங்கிக்கொள்ளும். தோற்றாலும் பரவாயில்லை, விளையாட்டு தொடர்ந்தால் போதும்! தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் அண்ணன்கள்!

ஆனால் வளர்ந்தபின் ஒரே வீட்டில் இரண்டு நாய் வைத்தால் யார் யாரோடு சண்டை போடும்? ஆணும் பெண்ணுமா? இல்லை! சண்டைக்காக மருத்துவரிடம் வந்த 38 ஜோடிகளை அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஜோடி ஒரே பால்! பெண்ணும் பெண்ணும் மோதுவதும் குறைவில்லை! இரண்டாவது நாய் வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று, என் மனதைத் தொட்டது. ஆக்சிடோசின் என்று ஒரு ஹார்மோன். தாய் தன் பிள்ளையைப் பார்க்கும்போது சுரப்பது. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-இல் அதை நாய்களின் மூக்கில் செலுத்திப் பார்த்தார்கள். பெண் நாய்கள் தம் வளர்ப்பாளரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன! அதனால் வளர்ப்பாளரின் உடம்பிலும் அதே ஹார்மோன் ஏறியது! ஆண் நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை!

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை!

இந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தும்? ஆண் நாய்க்கு! புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடுவனின் பின்னாலேயே நடந்து பாருங்கள். மின்கம்பம், டயர், வேப்பமரம், மறுபடியும் மின்கம்பம்! ஒவ்வோர் இடத்திலும் சில துளிதான். அது அவசரமல்ல, கடிதம்! "நான் வந்தேன், இது என் எல்லை" என்ற சேதி! இந்தக் கால் தூக்கும் பழக்கத்துக்கு வித்து, அது தாய் வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஹார்மோனால் மூளையில் விழுந்துவிடுகிறது.

அதிலும் ஒரு தந்திரம்! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் சொன்னது: உருவத்தில் சிறிய ஆண் நாய்கள் காலை அதிகமாக உயர்த்துகின்றன! ஏன்? தடம் உயரத்தில் விழுந்தால், மோந்து பார்க்கிறவன் "பெரிய ஆளா இருப்பான் போல" என்று நினைக்கட்டுமே!

பெண் நாய் உட்கார்ந்துதான் போகும் என்று நினைக்கிறீர்களா? பாதி உட்கார்ந்து ஒரு காலைத் தூக்குவதும் உண்டு. சில பெண் நாய்கள் முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி, பின்பாகத்தை அந்தரத்தில் தூக்கித் தலைகீழாகப் போவதும் உண்டு! சர்க்கஸ் மாதிரி!

இந்தக் கால் விஷயம் விண்வெளி வரலாற்றையே மாற்றியது, தெரியுமா? 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக்-2 கலத்தில் பூமியைச் சுற்றிய லைகா, ஒரு பெண்! 1960 ஆகஸ்டில் போய் உயிரோடு திரும்பிய பெல்கா, ஸ்ட்ரெல்கா இருவரும் பெண்கள்! ஏன் பெண்களையே அனுப்பினார்கள்? அந்தக் குறுகிய கூண்டில் காலைத் தூக்க இடமில்லை! கழிவைச் சேகரிக்கும் கருவியும் பெண் நாய்க்கே பொருந்தியது! திரும்பி வந்த ஸ்ட்ரெல்கா பிறகு ஆறு குட்டி போட்டது. அதில் புஷிங்கா என்ற குட்டி 1961-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வீட்டுக்கே பரிசாகப் போய்ச் சேர்ந்தது! புஷிங்காவும் பெண்தான்! லைகா மட்டும் திரும்பி வரவே இல்லை.

மோப்பத்தில் யார் பெரியவர்? 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம். இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படை கொண்டுபோன லாப்ரடார்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். பெண் பெயர் ஜூலி, ஆண் பெயர் ரோமியோ! நூர்தாகியில் இடிபாட்டு மலைக்கு முன் இயந்திரங்கள் திணறி நின்றபோது ஜூலி ஓரிடத்தில் நின்று குரைத்தது. சந்தேகம் தீர ரோமியோவையும் விட்டார்கள். அதுவும் அதே இடத்தில் நின்று குரைத்தது! தோண்டினார்கள். ஆறு வயதுச் சிறுமி, உயிரோடு! ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் சேர்ந்து மீட்ட உயிர்!

ஆனால் அதே மோப்பம் ஆண் நாய்க்கு ஆபத்தாகவும் முடியும். தொற்றும் புற்றுநோய் என்று ஒன்று நாய்களுக்கு உண்டு! எப்போதோ பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் புற்றுச் செல், அந்த நாய் செத்தும் சாகாமல், நாய்விட்டு நாய் தாவி இன்றும் உலகம் முழுக்க உயிரோடு இருக்கிறது! பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்பில் வரும். சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும் வரும். அப்படி மூக்கில் வருவது ஆண் நாய்க்கு நான்கைந்து மடங்கு அதிகம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022-இல் கண்டுபிடித்தார்கள். காரணம்? எதையும் மோந்தும் நக்கியும் பார்க்கும் ஆணின் குணம்!

யாருக்கு ஆயுசு கெட்டி?

மனிதர்களில் பெண்களுக்கு ஆயுசு அதிகம். நாய்களில்? பிரிட்டனில் 5,84,734 நாய்களின் கணக்கை 2024-இல் வெளியிட்டார்கள். பெண் 12.7 ஆண்டு, ஆண் 12.4 ஆண்டு. வித்தியாசம் நாலு மாதம்கூட இல்லை! ஆனால் ராட்வீலர் இனத்தில் 13 வயதைத் தாண்டும் கிழங்களில் பெண்களே அதிகம்!

ஆணும் பெண்ணும் என்பதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 40,139 நாய்களின் இறப்புக் குறிப்பைப் பார்த்தார்கள். கருத்தடை செய்த ஆணின் ஆயுள் 13.8 சதவீதம் கூடுதல். பெண்ணுக்கு? 26.3 சதவீதம்! இரு மடங்குக்குச் சற்றே குறைவு! ஏன் அப்படி? கருத்தடை செய்யாத பெண் நாயின் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து ஒரு காரணம். சுவீடன் கணக்கில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெண் நாய்க்கு அது வந்திருக்கிறது! ஆண் நாயும் தப்பவில்லை. வயதானால் புரோஸ்டேட் வீங்கும், தாத்தாக்களுக்கு வருகிறதே, அதேதான்! இது இயல்பாக வருவது மனிதனுக்கும் நாய்க்கும்தான்; மற்ற விலங்குகளில் மிக அபூர்வம்!

தெருவிலும் கூட்டுக்குடும்பம்!

தெரு நாயின் குடும்பம் எப்படி இருக்கும்? கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் பல ஆண்டுகளாகத் தெருத்தெருவாக அலைந்து இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன? கூட்டுக்குடும்பம்! தாய்க்கு உதவியாக இன்னொரு பெண் நாய், சில சமயம் பாட்டியே, குட்டிகளைக் கவனித்துக்கொள்கிறது! பக்கத்து வீட்டுக் குட்டி நைசாக வந்து வேறொரு தாயிடம் பால் திருடிக் குடிப்பதும் உண்டு! அப்பா? வெறுமனே சுற்றுகிறவன் என்றுதானே நினைத்தோம்? காவல் காக்கிறார், குட்டிகளோடு விளையாடுகிறார்!

காவல் என்றதும் நம் தமிழ் மண்ணின் ஒரு கல் நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்ட நடுகல். சுமார் 1,400 ஆண்டுப் பழமை! எருமை மந்தையைக் காத்து உயிர்விட்டவன் கருந்தேவக்கத்தி. அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது: கோவிவன்! கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய்! பெயரைப் பார்த்தால் ஆண்தான் போலிருக்கிறது.

அந்தக் கோவிவனைப் பெற்று, பால் கொடுத்து, கடிக்கக் கற்றுக்கொடுத்த பிணவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இதே புதுக்கோட்டையில் கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் அய்யனாருக்கு 33 அடிக் குதிரை நிற்கிறது. எத்தனையோ அய்யனார் கோயில்களில் மண்ணால் செய்த நாய்களும் காவல் நிற்கின்றன. சாமிக்கே காவலுக்கு நாய் வேண்டியிருக்கிறது! நமக்கோ பொட்டைக் குட்டி மட்டும் வேண்டாம்!

கடைசியாக ஓர் எண். மேற்கு வங்கத்தில் 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள், அதே அனிந்திதா பத்ரா குழுவினர். 2016-இல் வெளியிட்ட முடிவு: வளர்ந்து குட்டி போடும் வயதை எட்டியவை 19 சதவீதம்தான்! ஐந்தில் ஒன்றுகூட இல்லை! செத்தவற்றில் 63 சதவீதத்தின் சாவுக்கு ஏதோ ஒரு விதத்தில் மனிதர்கள் காரணம்!

கண்மாய்க்கரைச் சாக்கில் முனகுகிறதே, பந்தின் அளவு மாறினால் கண்டுபிடிக்கிறவள் அவள். உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவள் அவள். குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்ற பயமா? உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டால், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். "அக்கா, பொட்டைக் குட்டி இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கக்கா!"